வீட்டுக்குள்ளேயே ஏரியல்: கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் இலவச டிவி பிடிக்க முழுமையான வழிகாட்டி

கடையில் தொங்கும் ஏரியல் பெட்டிகளை எடுத்துப் படித்துப் பார்த்தால் தலை சுற்றும். விஎச்எஃப், யுஎச்எஃப், எச்டி, 4கே, 200 மைல் என்று என்னென்னவோ அச்சடித்திருப்பார்கள். ஏரியலுக்கு 4கே என்றும் எச்டி என்றும் எதுவும் தெரியாது. காற்றில் வரும் அலையைப் பிடித்து வயருக்குள் விடுவதோடு அதன் வேலை முடிந்தது. 200 மைல் என்பதும் கதைதான். கோலாலம்பூருக்கான ஒளிபரப்பு நிலையம் இருக்கும், 1,772 மீட்டர் உயரமுள்ள குனோங் உலு காலி மலை உச்சியிலிருந்து பார்த்தாலும், பூமி வளைவாக இருப்பதால் தரைமட்டத்தில் இருப்பவருக்குச் சுமார் 170 கிலோமீட்டர் வரைதான் நேர்க்கோடு கிடைக்கும். 200 மைல் என்றால் 320 கிலோமீட்டர். அந்தப் பெட்டியில் உங்களுக்கு உண்மையில் தேவையான ஒரே சொல் யுஎச்எஃப், அதாவது இப்போது டிவி வரும் உயர் அலைவரிசைப் பகுதி. விஎச்எஃப் அதற்குக் கீழே உள்ள பகுதி. வாங்கும் ஏரியலைவிட அதை வைக்கும் இடம்தான் பெரிய விஷயம். அதனால் இந்த வழிகாட்டியின் பாதி, ஏரியல் வைக்கும் இடத்தைப் பற்றியே இருக்கும்.

விஎச்எஃப் ஏன் வேண்டாம்?

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. டிவி1, டிவி2 எல்லாம் விஎச்எஃப் அலைவரிசையில் வந்த காலத்தில்தான் இரண்டு நீளக் கம்பிகளை வி வடிவில் விரித்த ஏரியல் வீட்டுக்கு வீடு டிவி மேல் உட்கார்ந்திருந்தது. பிறகு வந்த தனியார் நிலையங்களில் சில யுஎச்எஃப்புக்குப் போயின, அதனால் கம்பிகளுக்கு நடுவே ஒரு வட்ட வளையமும் சேர்ந்துகொண்டது. 2019 அக்டோபரில் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது மைஃப்ரீவியூ என்ற பெயரில் மைடிவி நிறுவனம் நடத்தும் டிஜிட்டல் ஒளிபரப்பு முழுக்க யுஎச்எஃப்பில்தான், 470 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 700க்குச் சற்றுக் கீழே வரை வருகிறது.

கம்பியின் நீளம் அலையின் நீளத்தைப் பொறுத்தது. பழைய விஎச்எஃப் டிவி அலைவரிசை 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை. அதன் பாதி அலைநீளம் ஏறக்குறைய 65 முதல் 85 சென்டிமீட்டர். அதனால்தான் அவ்வளவு நீளக் கம்பிகள். யுஎச்எஃப்பில் பாதி அலைநீளம் 22 முதல் 32 சென்டிமீட்டர்தான், கிட்டத்தட்ட ஒரு சாண், ஒன்றரைச் சாண். ஆகவே இங்கே டிவிக்கு நீளக் கம்பி வைத்த ஏரியல் தேவையில்லை. பழைய கம்பி ஏரியல் வீட்டில் கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம். கம்பிகளை எவ்வளவு சுருங்குமோ அவ்வளவு சுருக்கி, நிமிர்த்தி வைக்காமல் இரண்டு பக்கமும் படுக்கையாக விரித்து ஒருமுறை முயன்று பாருங்கள். நடுவில் வளையம் இருந்தால் இன்னும் நல்லது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் டிஜிட்டல் டிவி இன்னும் விஎச்எஃப்பிலும் வருகிறது. மெல்பர்னிலிருக்கும் சொந்தக்காரர் ஆசையாக வாங்கிவந்து கொடுக்கும் ஏரியலில் நீளக் கம்பி இருப்பது அதனால்தான். இங்கே அந்தக் கம்பிக்கு வேறொரு வேலை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் டிவியைப் பாருங்கள்

ஏரியல் வாங்கக் கிளம்புமுன் டிவியின் பின்பக்க ஒட்டுத்தாளையோ கையேட்டையோ பாருங்கள். டிவிபி-டி2 என்று இருக்க வேண்டும், இங்கே டிஜிட்டல் டிவி ஒளிபரப்பாகும் முறையின் பெயர் அது. வெறும் டிவிபி-டி என்றிருந்தால் வேலைக்கு ஆகாது, அது முந்தைய தலைமுறை. பழைய எல்சிடி டிவிகள் பலவற்றில் அனலாக் ட்யூனர் மட்டும்தான் இருக்கும். அப்படியானால் மைஃப்ரீவியூ டெகோடர் ஒன்று தேவை, டிஜிட்டல் அலையைப் படமாக மாற்றி டிவிக்குக் கொடுக்கும் பெட்டி அது. அனலாக் நிறுத்தத்தை ஒட்டி அரசாங்கம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இவற்றை இலவசமாகக் கொடுத்தது. அப்படி வந்த பெட்டி ஒன்று பிரிக்காமலேயே அலமாரியில் கிடக்கும் வீடுகள் உண்டு, அம்மா வீட்டில் ஒருமுறை தேடிப்பாருங்கள். டெகோடரை டிவியோடு எச்டிஎம்ஐ வயரால் இணையுங்கள். டிவி மிகப் பழையது என்றால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் போதும்.

ஒரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் டிவியான ஆஸ்ட்ரோவின் டெகோடரில் திருகும் வகைத் துளை இருக்கும். அது டிஷ்ஷுக்கானது. ஏரியல் வயரை அதில் மாட்டினால் ஒன்றும் வராது.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடலாம். கொண்டோவிலும் சில பிளாட்டுகளிலும் சுவரில் டிவி சாக்கெட் இருக்கும், மொட்டை மாடியில் பொது ஏரியல் ஒன்று வைத்து எல்லா வீட்டுக்கும் வயர் இழுத்திருப்பார்கள். ஒரு வயரை அதில் மாட்டி ஸ்கேன் செய்து பாருங்கள். சானல்கள் வந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையில்லை. வராவிட்டால் அந்தப் பொது ஏரியலும் அதன் ஆம்பிளிஃபையரும் அனலாக் காலத்தோடு நின்றுபோயிருக்கலாம். மேனேஜ்மென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது?

கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய ஒளிபரப்பு நிலையம் குனோங் உலு காலியில், கெந்திங் மலையில் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அது சுமார் 36 கிலோமீட்டர், வடக்கிலிருந்து சற்றுக் கிழக்கே சாய்ந்த திசை. பத்துமலைப் பக்கம் இருந்தால் 25 கிலோமீட்டர்தான். பூச்சோங்கிலிருந்து கிட்டத்தட்ட 50, கிள்ளானிலிருந்து 60க்குச் சற்றுக் குறைவு. கிள்ளான்காரர்களுக்கு அது நல்ல வடகிழக்கு. கைத்தொலைபேசியில் திசைகாட்டி வைத்துப் பார்க்கலாம். அதைவிடச் சுலபமான வழி, மேகமில்லாத இரவில் வெளியே வந்து நிற்பது. மலை மேல் கெந்திங் விளக்குகள் தெரிகிற பக்கம்தான் உங்கள் திசை. அந்த விளக்கு உங்கள் ஜன்னலிலிருந்தே தெரிந்தால் யோகம்தான், வெறும் கம்பித் துண்டு வைத்தாலும் டிவி வரும்.

நகர நடுவில் இருப்பவர்களுக்கு புக்கிட் நானாஸ் மேல் நிற்கும் 421 மீட்டர் கேஎல் டவர் கண்ணுக்குத் தெரியும். மலைப்பக்கம் சரிவரவில்லை என்றால் ஏரியலை அந்தப் பக்கமும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

அப்புறம் அக்கம்பக்கத்தில் நோட்டம் விடுங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் கூரைகளில் புதிதாக மாட்டிய ஏரியல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, அவற்றின் குறுக்குக் கம்பிகள் படுக்கையாக இருக்கின்றனவா செங்குத்தாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அலை படுக்கையாக வந்தால் ஏரியலும் படுக்கையாக இருக்க வேண்டும், செங்குத்தாக வந்தால் செங்குத்தாக. இதை மாற்றி வைத்தால் கிடைக்கும் சிக்னலில் பெரும்பகுதி போய்விடும். துருப்பிடித்துத் தலை சாய்ந்து கிடக்கும் பழைய ஏரியல்களை மட்டும் நம்ப வேண்டாம், அவை எந்தக் காலத்தில் எதைப் பார்த்தனவோ.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜார்ஜ்டவுனிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால், வடக்கில் கொஞ்சம் கிழக்கே, கெடாவின் குனோங் ஜெராய் நிற்கிறது. உயரம் 1,217 மீட்டர், தூரம் சுமார் 43 கிலோமீட்டர். கர்னி கடற்கரைப் பக்கம் வடக்கு பார்த்த ஜன்னல் உள்ளவர்களுக்கு இடையில் கடலைத் தவிர வேறு தடையே கிடையாது. பாலிக் பூலாவ் பக்கம் கதை வேறு. நடுவே தீவின் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது, அங்கே வீட்டுக்குள் ஏரியல் வைத்துப் போராடுவதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பார்க்கிறார் என்று கேட்பது நல்லது.

எதை வாங்குவது?

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நாலு வகை. காகிதம்போல் மெல்லிய தட்டை ஏரியல், காந்த அடிப்பாகத்தோடு வரும் குட்டிக் குச்சி, வளையமும் கம்பியும் சேர்ந்த பழைய மாதிரி, மீன்முள் வடிவில் இருக்கும் சின்ன ஏரியல். என் ஓட்டு மீன்முள்ளுக்கு. அது ஒரு பக்கமாகப் பார்த்துப் பிடிக்கும், மற்றப் பக்கங்களிலிருந்து சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளை அவ்வளவாக உள்ளே விடாது. வெளியே மாட்டுவதற்கென்று விற்பதில் சின்னதை வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. வரவேற்பறையில் அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் சத்தம் வந்தால் தட்டை ஏரியல், திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்துவிடும். குட்டிக் குச்சி நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் சேர்த்து விற்பதை முதலில் வாங்காதீர்கள். விலை அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை. பூஸ்டர் எப்போது உதவும், எப்போது கெடுக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

வயரும் முனையும்

இந்த வேலையில் அதிகமாகக் கெட்டுப்போவது இங்கேதான், ஆனால் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை. ஏரியலோடு வரும் மெல்லிய வயர் ஒன்றரை மீட்டர் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் வரை நீட்ட வேண்டுமென்றால் ஹார்ட்வேர் கடையில் ஆர்ஜி6 என்று கேட்டு வாங்குங்கள், 75 ஓம் வயர். யுஎச்எஃப்பில் அது 10 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபல் சிக்னலைத் தின்னும். 3 டெசிபல் போனால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். அதனால் தேவைக்கு மேல் நீளமாக வாங்கி டிவிக்குப் பின்னால் சுருட்டிப் போட வேண்டாம். ஆஸ்ட்ரோவை நிறுத்திவிட்ட வீட்டில் பால்கனியிலிருந்து டிவி வரை வரும் வயர் சும்மாதானே கிடக்கிறது, அது பெரும்பாலும் ஆர்ஜி6தான். இரண்டு முனையிலும் பொருத்தமான அடாப்டர் போட்டால் அப்படியே பயன்படும்.

முனை போடும்போது நிதானமாகச் செய்யுங்கள். வெளி உறையை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குச் சுற்றி வெட்டி உருவுங்கள். கத்தி ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் பின்னல் அறுந்துவிடும், ஆகவே லேசாகக் கீறிவிட்டு வயரை வளைத்தால் உறை தானே பிளந்து வரும். இப்போது தலைமுடிபோல் மெல்லிய கம்பிகளால் ஆன பின்னல் தெரியும். அதை முழுவதுமாகப் பின்னுக்கு மடித்து உறையின் மேல் படிய விடுங்கள். அதன் கீழே பளபளக்கும் அலுமினியத் தாள், அதற்குள் வெள்ளை நுரைபோன்ற பிளாஸ்டிக், அதன் நடுவில் ஒற்றைக் கம்பி. வெள்ளைப் பிளாஸ்டிக்கை நுனியில் முக்கால் சென்டிமீட்டர் அளவு நீக்கினால் நடுக்கம்பி வெளியே வரும். இந்த இடத்தில் விளக்கு வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். பின்னலிலிருந்து ஒரே ஒரு இழை நழுவி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், மொத்தமும் ஷார்ட். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்த இழையால்தான் புது ஏரியல், புது வயர், புது டெகோடர் எல்லாம் இருந்தும் திரையில் சிக்னல் இல்லை என்று வரும். இழைகளைத் தடவி ஒதுக்கிவிட்டுத் திருகு முனையை உள்ளே அழுத்தி, வெள்ளைப் பிளாஸ்டிக் முனையின் உட்தளத்தோடு சமமாக நிற்கும்வரை திருகுங்கள். நடுக்கம்பி வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டிவியிலும் மைஃப்ரீவியூ டெகோடரிலும் ஏரியல் துளை அழுத்திச் செருகும் வகை, ஆகவே திருகு முனைக்கு அதற்கேற்ற அடாப்டர் ஒன்று வேண்டும்.

இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் மூன்றரை, நாலு டெசிபல் குறையும். அதாவது பாதிக்கும் கீழே. முதல் டிவியில் எல்லாம் சரியாக வந்தபிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஸ்கேன் செய்யும் முறை

மெனுவில் மூலத்தை ஆன்டெனா அல்லது டிடிவி என்று வையுங்கள், கேபிள் என்று விட்டுவிட வேண்டாம். நாடு மலேசியா. தானியங்கி ஸ்கேன் கொடுங்கள். டிவி1 101இலும், டிவி2 102இலும், டிவி3 103இலும் வந்து உட்கார வேண்டும். நாட்டை மாற்றி வைத்திருந்தால் இந்த எண்கள் குழம்பிப்போகும். ஒன்றுமே வராவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த கட்டத்துக்கு வாருங்கள். ஆனால் ஒரு சானலாவது கிடைத்தால் வேலை சுலபம், ஏனென்றால் அந்தச் சானலில் வைத்துக்கொண்டே இடம் தேடலாம்.

கையால் அலைவரிசை கொடுத்து ஸ்கேன் செய்யும் வசதி இருந்தால் இந்தக் கணக்கு உதவும். யுஎச்எஃப் சானல் எண்ணை 8ஆல் பெருக்கி 306ஐக் கூட்டினால் அதன் நடு அலைவரிசை மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும். சானல் 21 என்றால் 474, சானல் 48 என்றால் 690. அகலம் 8 மெகாஹெர்ட்ஸ்.

இடம் தேடுவது

மெனுவில் சிக்னல் தகவல் என்பதைத் திறந்தாலோ, சானல் ஓடும்போது தகவல் பொத்தானை அழுத்தினாலோ இரண்டு கோடுகள் வரும். ஒன்று வலிமை, இன்னொன்று தரம். எல்லோரும் வலிமைக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தரம். வலிமை நிறைந்து நின்றும் தரம் துள்ளிக்கொண்டிருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். வலிமை பாதியில் நின்றாலும் தரம் அசையாமல் உயரத்தில் இருந்தால் படம் கண்ணாடிபோல் வரும். பழைய அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி விழும், நாமும் ஏரியலைத் திருப்பிச் சரிசெய்வோம். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. ஒரு எல்லைவரை நன்றாக இருக்கும், அதற்குக் கீழே போனால் திடீரென்று எல்லாம் நின்றுவிடும். ஆகவே படம் வருகிறதே என்று திருப்தியடைந்து நிறுத்தக் கூடாது, எல்லைக்கு எவ்வளவு மேலே இருக்கிறோம் என்று தரக் கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலையம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் தொடங்குங்கள். வீட்டில் அந்தப் பக்கம் படுக்கையறையாகவோ சமையலறையாகவோ இருக்கலாம், டிவி இருக்கும் அறையாகவே இருக்க வேண்டிய அவசியமில்லை. கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்றைத் தாண்டுவதற்குள் அலை பெரிதும் தளர்ந்துவிடும். நீள வயர் தின்பதைவிட ஒரு சுவர் தின்பது அதிகம். கண்ணாடி அலையை அவ்வளவாகத் தடுக்காது, ஆனால் வெயிலுக்காக ஒட்டிய கறுப்புத் தாளில் உலோகப் பூச்சு இருந்தால் தடுக்கும். அந்த ஜன்னலைத் திறந்து வைத்து ஒருமுறை பாருங்கள், தரம் துள்ளி ஏறினால் காரணம் தெரிந்துவிட்டது.

நம் ஊர் ஜன்னல்களில் இரும்புக் கிரில் இல்லாமல் இருக்காது. அலை படுக்கையாக வரும் இடத்தில் படுக்கைக் கம்பிகள் நெருக்கமாக இருக்கும் கிரில்தான் கெடுதல், அது அலையைத் திருப்பி அனுப்பிவிடும். நேராக நிற்கும் கம்பிகள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. எப்படியிருந்தாலும் ஏரியலைக் கிரில்லில் கட்ட வேண்டாம். இரண்டு சாண் இடைவெளி விட்டு உள்ளே வையுங்கள். உலோக மேசை, ஃபிரிட்ஜ், பெரிய முகக்கண்ணாடி, அலுமினிய அலமாரி ஆகியவற்றின் பக்கத்திலும் வேண்டாம். முகக்கண்ணாடியின் பின்பக்கம் உலோகப் பூச்சு என்பது பலருக்கு நினைவிருக்காது.

இப்போது முக்கியமான விஷயம். அறைக்குள் அலை ஒரே சீராக இருப்பதில்லை. நேராக வருவதும் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புவதும் ஒன்றோடொன்று கலந்து, ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூடும் இடத்துக்கும் அழியும் இடத்துக்கும் இடையே தூரம் யுஎச்எஃப்பில் 11 முதல் 16 சென்டிமீட்டர்தான், அரைச் சாணுக்குச் சற்றுக் கூட. அதாவது ஜன்னல் திட்டில் ஒரு மூலையில் சானலே இல்லை, அரைச் சாண் தள்ளி வைத்தால் அத்தனையும் வருகிறது. ஆகவே ஓரிடத்தில் வைத்துவிட்டு இங்கே வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரைச் சாண், அரைச் சாணாக நகர்த்துங்கள், பக்கவாட்டில், முன்னும் பின்னும், பிறகு உயரத்தில். ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிட்டு, ஏரியலிலிருந்து விலகி நின்று, தரக் கோடு நிலைக்கும்வரை சில வினாடிகள் பொறுங்கள். உடம்பும் அலைக்கு ஒரு தடைதான், கையில் பிடித்திருக்கும்போது நன்றாக வந்து கையை எடுத்ததும் போய்விடுவது அதனால்தான். டிவியின் பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணைச் சத்தமாகப் படித்தால் வேலை பாதியாகும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

ஓரிடம் பிடித்ததும் மற்றச் சானல்களையும் போட்டுப் பாருங்கள். பல சானல்கள் ஒரே அலைவரிசையில் ஒன்றாகக் கட்டப்பட்டு வருகின்றன. ஆகவே போவதும் கூட்டமாகத்தான் போகும். ஒரு கூட்டம் நன்றாக வந்து இன்னொரு கூட்டம் முழுவதும் காணாமல் போனால், அந்த இடத்தில் அந்த அலைவரிசை அழிகிறது என்று பொருள். மறுபடி அரைச் சாண் நகர்த்துங்கள். எல்லாக் கூட்டமும் நடுத்தரமாக வரும் இடம், ஒன்று மட்டும் பிரமாதமாக வரும் இடத்தைவிட நல்லது. அங்கே டேப் போட்டு ஒட்டிவிட்டு, கடைசியாக ஒரு முழு ஸ்கேன்.

தரைவீட்டில் இருப்பவர்கள் கூரைக்குள், ஓட்டுக்குக் கீழே வைக்கலாமே என்று நினைப்பார்கள். பல தாமான் வீடுகளில் வெப்பத்துக்காக ஓட்டுக்குக் கீழே அலுமினியத் தாள் விரித்திருக்கிறார்கள், அதற்குள்ளே அலை வராது. ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தகரக் கூரையும் அப்படித்தான்.

பூஸ்டர்

செந்தூலில் ஓர் அங்கிள், நகரம் கண்ணெதிரே தெரியும் மேல்மாடியில் குடியிருக்கிறார். "ரெண்டு பூஸ்டர் போட்டாச்சு தம்பி, இன்னும் கட்டம் கட்டமாத்தான் வருது," என்றார். "ரெண்டையும் கழட்டிட்டுப் பாருங்க அங்கிள்," என்றேன். கழற்றியதும் படம் உடையாமல் சீராக வந்தது. அவருக்கு அதை நம்பவே மனமில்லை.

பூஸ்டர் சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை, கூடவே இரைச்சலையும் பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கவும் செய்யும். நிலையம் பக்கத்தில் இருந்தால் அளவுக்கு மீறிய சிக்னலால் டெகோடர் திணறிவிடும். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. டிவி விட்டுக்கொடுத்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை இப்போது கைத்தொலைபேசிச் சேவை பயன்படுத்துகிறது. மலிவான பூஸ்டர்கள் பழைய கணக்குப்படி 862 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் பெருக்குகின்றன. எதிர் பிளாக்கின் மொட்டை மாடியில் கைத்தொலைபேசிக் கோபுரம் இருந்தால் அதையும் சேர்த்துப் பெருக்கி டிவிக்குள் தள்ளும். வாங்கத்தான் வேண்டுமென்றால் கைத்தொலைபேசி அலையைத் தடுக்கும் எல்டிஇ ஃபில்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பூஸ்டர் உண்மையில் உதவும் இடம் ஒன்றுதான். ஏரியல் பக்கத்தில் தரம் நன்றாக இருக்கிறது, ஆனால் நீள வயரிலும் ஸ்ப்ளிட்டரிலும் சிக்னல் கரைகிறது என்னும்போது. அப்போதும் அதை ஏரியலை ஒட்டி வைக்க வேண்டும், டிவி பக்கத்தில் வைத்தால் ஏற்கெனவே தேய்ந்துபோனதைத்தான் பெருக்கும். சில ஏரியல்களுக்கு டெகோடரே வயர் வழியாக 5 வோல்ட் கொடுக்கும். மெனுவில் ஆன்டெனா பவர் என்று இருக்கும். பூஸ்டர் இல்லாத ஏரியலுக்கு அதை அணைத்தே வையுங்கள்.

கையால் ஒரு வளையம்

எதையும் வாங்காமல் முதலில் சோதித்துப் பார்க்க விரும்பினால், வீட்டு வயரிங்குக்கான ஒற்றைச் செம்புக் கம்பியில் 53 சென்டிமீட்டர் வெட்டுங்கள். அதை வட்டமாக வளைத்து இரண்டு நுனிக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். ஒரு நுனியில் ஆர்ஜி6 வயரின் நடுக்கம்பி, இன்னொன்றில் பின்னல். ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், இல்லாவிட்டால் சின்னத் திருகு இணைப்பான் போதும். 580 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இது நன்றாக வேலை செய்யும், இரண்டு பக்கமும் ஓரளவு சமாளிக்கும். வட்டத்தின் முகம் நிலையத்தைப் பார்க்க வேண்டும், விளிம்பு அல்ல. வயர் சேரும் இடம் வட்டத்தின் அடியில் இருந்தால் படுக்கையாக வரும் அலையைப் பிடிக்கும், பக்கத்தில் இருந்தால் செங்குத்தாக வருவதை. அட்டையில் ஒட்டிக்கொண்டால் நகர்த்தச் சுலபம். இதில் நடுக்கம்பியும் பின்னலும் வளையத்தின் வழியே ஒன்றாக இணைந்திருப்பதால் ஆன்டெனா பவர் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் டெகோடர் ஷார்ட் என்று காட்டும்.

அந்த நீளக் கம்பிகள்

பண்பலை வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, அதுவும் விஎச்எஃப்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் எஃப்எம் 96.3இல் வருகிறது, ராகா 99.3இல். பழைய ஏரியலின் இரண்டு கம்பிகளையும் ஒவ்வொன்றும் 74 சென்டிமீட்டர் அளவுக்கு இழுத்து, வெளி ஏரியல் துளையுள்ள வானொலிப் பெட்டியின் பின்னால் மாட்டுங்கள். கம்பி அவ்வளவு நீளாவிட்டால் முழுவதும் இழுத்துவிடுங்கள், அதுவே போதும். கரகரப்பு போய்விடும். மின்னல் எஃப்எம் டெகோடரின் வானொலிப் பட்டியலிலும் இருக்கிறது, ஆனால் பாட்டுக் கேட்பதற்காக டிவியைப் போட வேண்டுமா என்ன.

பிறகு வரும் தொல்லைகள்

சாயங்காலம் மழை கொட்டும்போது ஆஸ்ட்ரோ படம் நின்றுபோவது எல்லோருக்கும் பழக்கம். செயற்கைக்கோள் அலை மழையில் கரையும். யுஎச்எஃப்பை மழை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே மழை பெய்தால் மட்டும் உங்கள் ஏரியலில் படம் உடைகிறதென்றால், நீங்கள் எல்லையை ஒட்டியே நின்றுகொண்டிருக்கிறீர்கள், இடத்தை மறுபடி தேட வேண்டும். ஆனால் இடி மின்னல் நெருங்கினால் வயரையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள், வீட்டுக்குள் ஏரியல்தானே என்று விட வேண்டாம்.

மாலை 7 மணிக்கு மேல்தான் தொல்லை என்றால் வீட்டு விளக்குகளைச் சந்தேகப்படுங்கள். மலிவான எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் இரைச்சல் கிளப்பும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஆள் அகப்படும். மின்விசிறி சுழலும்போது மட்டும் படம் துள்ளினால், அதன் உலோக இறக்கைகளிலிருந்து அலை திரும்பி வருகிறது. ஏரியலைத் தள்ளி வையுங்கள். நன்றாக வந்துகொண்டிருந்தது ஒருநாள் திடீரென்று போய்விட்டால் முதலில் முனையைக் கழற்றி மாட்டுங்கள், பிறகு ஸ்கேன், அதற்கும் பிறகுதான் ஏரியல். பக்கத்து வீட்டிலும் இல்லையென்றால் கோளாறு உங்களுடையதல்ல.

எல்லா ஜன்னலும் பார்த்தாகிவிட்டது, எல்லாம் தெற்கு நோக்கியவை, எதிரே இன்னொரு பிளாக் சுவராக நிற்கிறது என்றால் எதிர்ப் பிளாக்கின் பக்கமே ஏரியலைத் திருப்பிப் பாருங்கள். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் அலையே சில வீடுகளுக்குப் போதுமானதாக இருக்கும், டிவிபி-டி2 முறை திரும்பி வரும் அலையையும் சமாளிக்கும்படிதான் அமைக்கப்பட்டது. அதுவும் இல்லையென்றால் பால்கனிக் கைப்பிடிக்கு உள்பக்கம் சின்ன மீன்முள் ஏரியல், மேனேஜ்மென்ட் அனுமதியோடு. அதற்கும் வழியில்லாத வீட்டில், பழைய டிஷ் இன்னும் சுவரில் இருந்தால் ஆஸ்ட்ரோவின் இலவச என்ஜோய் சேவையைப் பாருங்கள், அதற்கு மாதக் கட்டணம் கிடையாது.